நவமியில் கட்டிய மூட்டை

மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் விடுவது என் குணத்தில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சந்தையிலிருந்து கொண்டுவரும் பையைக்கூட எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சுகம் விசாரிப்பேன். என் மகன் வாகீசனின் புத்தகப் பையை நாள் தவறாமல் கிளறுவேன்.

"உங்களுக்கென்ன பொலிஸ் வேலையோ, சீவரத்தினத்தார்?" என்று மனைவி செல்வநாயகி நையாண்டி பண்ணுவாள்.

அவளுக்குச் சிரிப்பு, எனக்குப் பயம். சண்டை நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. ரியூசன் வகுப்புக்கென்று காலையில் சைக்கிளில் போன பெடியன் பின்னேரம் இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்று செய்தி வரும். எங்கள் உரும்பிராயிலேயே சில வீடுகளில் அந்த அழுகையைக் கேட்டிருந்தேன்.

வாகீசன் சாதாரண தரப் பரீட்சையை நன்றாகச் செய்திருந்தான். அவன் டொக்டராவான் என்று ஊரெல்லாம் நான் சொல்லியாயிற்று. அவனைக் கேட்டால், "பாப்பம் அப்பா" என்பான். அந்தப் 'பாப்பம்'தான் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

சரசுவதி பூசையன்று அவன் புத்தகங்களைச் சாமியறையில் அடுக்குவது வழக்கம். மறுநாள் விசயதசமிப் பூசை முடியும்வரை அவற்றை யாரும் தொடக்கூடாது. இந்த முறை புத்தகங்கள் சிவப்புச் சேலைத் துண்டில் இறுக்கிக் கட்டிய மூட்டையாக வந்தன.

"இதென்னடா மூட்டை?"

"புத்தகங்கள்தான்" என்றுவிட்டுப் போய்விட்டான்.

பூ வைக்கிற சாட்டில் மூட்டையை விரலால் மெல்லத் தள்ளினேன். உள்ளே 'டங்' என்றது. இரும்பு! இயக்கம் கொடுத்த சாமானோ? பள்ளிக்கூடப் பெடியனின் புத்தகங்களுக்குள் இரும்புக்கு என்ன வேலை? கை தானாகவே முடிச்சுக்குப் போனது.

"கையை எடுங்கோ! இண்டைக்குத் தொட்டால் பிள்ளைக்குப் படிப்பு ஏறுமே?" பின்னால் செல்வநாயகி நின்றாள்.

அவிழ்த்தால் படிப்புப் போய்விடும். அவிழ்க்காவிட்டால் பிள்ளையே போய்விடுவானோ? இதை அவளிடம் சொல்லவும் முடியாது, கேட்ட இடத்திலேயே விழுந்துவிடுவாள். நான் மூட்டைக்கு முன்னால் சப்பணம் கட்டி உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்கு மட்டும் எழும்பினேன்.

"உங்களுக்குப் பக்தி முத்திப்போச்சு" என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். வாகீசனும் ஒருமுறை வந்து என்னை விநோதமாகப் பார்த்தான். அவன் போட்டிருந்த சேட்டில் மண்ணெண்ணெய் மணத்தது. என் சந்தேகம் இன்னும் கூடியது.

விடிந்தது. பூசையும் முடிந்தது. சூடம் அணையமுன்பே முடிச்சை அவிழ்த்தேன். மேலே கணிதம், பௌதிகம். உயிரியலைக் காணவில்லை. அடியில், வேட்டித் துண்டில் சுற்றிய இரும்பு. பிரித்தேன்.

எங்கள் தண்ணீர் இறைக்கும் மெசினின் காபரேற்றர்!

எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வர அரசாங்கம் தடை போட்டதிலிருந்து அந்த மெசின் சாக்குக்குக் கீழே கிடந்தது. நான் வாளியால் அள்ளித்தான் மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"கேளாமல் கழட்டிப்போட்டன் அப்பா" என்றான் வாகீசன். "ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்தலாம். அதுக்கேத்த மாதிரி திருத்தியிருக்கிறன். தொழில் சாமானும் பூசையிலை வைக்கிறதுதானே?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "எனக்கு டொக்டர் வேலை சரிவராது. கணிதம் படிக்கப்போறன்."

கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. "அப்ப... நீ ஒரு இடமும் போகேல்லைத்தானே?" என்றேன்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டான். "இல்லை அப்பா. நான் படிக்கப்போறன்."

என் கண் கலங்கிவிட்டது. "அப்ப கணிதப் புத்தகத்தை எடுத்து வாசி. இண்டைக்கு முதல் வாசிக்கிறது எதுவோ அதுதான் படிப்பு. தொடங்கினால் முடிக்கவேணும், பாதியிலை விடக்கூடாது. விளங்குதோ?"

"ஓம்" என்று வாசிக்கத் தொடங்கினான். எனக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. ஆனாலும் பக்கம் முடியும்வரை இருந்து கேட்டேன். அதன் பிறகு இருவரும் கிணற்றடிக்குப் போனோம். மெசின் இரண்டு தரம் இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது.

அடுத்த நாள் ரியூசன் முடிந்து வந்தவன் பையை என்னிடம் நீட்டினான். "இந்தாங்கோ அப்பா, பாக்கேல்லையே?"

கை அரித்தது. "வேண்டாம், கொண்டுபோய் வை" என்றேன்.