கண்ணைத் தேடும் கேமரா

"பழைய கேமராவுல ஒருத்தர் தெளிஞ்சா இன்னொருத்தர் மங்குவாங்க. இது அப்படியில்ல. கண்ணு எங்க இருக்குன்னு தானா தேடிப் பிடிச்சுக்கும்" என்றான் போட்டோகிராபர், புதுக் கேமராவைத் தன் மனைவியிடம் காட்டி.

"அப்படியே என் வீட்டுச் சாவியையும் தேடித் தரச் சொல்லுங்க" என்றாள் மனைவி. பழைய கேமராவே போதும் என்று அடித்துச் சொன்னவள் அவள்.

அன்று அவள் தம்பி வெளிநாட்டுக்குப் புறப்படுகிறான். திரும்ப மூன்று வருடமாகும். அவன் கிளம்புவதற்குள் மகள், மகன் இருவரோடும் ஒரு நல்ல படம் வேண்டும் என்று மாமியார் கேட்டிருந்தார். இதுவரை எடுத்த எதிலும் யாராவது ஒருவர் கலங்கித்தான் இருந்தார்.

சோபாவில் மாமியார் நடுவே. இரண்டு பக்கமும் பிள்ளைகள். தம்பிக்குச் சின்ன வயதில் ஒட்டிய பெயர் வத்தல். இப்போது அவன் சட்டைப் பொத்தான்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை.

போட்டோகிராபர் மளமளவென்று எடுத்துத் தள்ளினான். "முடிஞ்சது. பார்க்கவே வேண்டாம்."

வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. வத்தல் ஷூ மாட்டப் போனான். மனைவி கேமராவை வாங்கி, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, எல்லாத்துலயும் ஒருத்தர்தான் தெளிவா இருக்கார்."

"யாரு?"

"எங்கப்பா."

சோபாவுக்குப் பின்னால், சுவரில் பெரிய சட்டத்துக்குள் இருந்தார் காலமான மாமனார். படங்களில் வத்தல் செல்போனில் டாக்ஸியைத் தேடிக்கொண்டிருந்தான். மாமியார் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கண் சிமிட்டியிருந்தாள். கேமராவை நேராகப் பார்த்தவர் மாமனார் ஒருவர்தான்.

"இருந்தப்பவும் அப்பா முன்னாடி நாங்க எடுபட்டதில்ல, மாமா" என்றான் ஒற்றை ஷூவோடு திரும்பி வந்த வத்தல், அக்கா புருஷனிடம்.

"கண்ணைத் தேடறதை அணைக்கிற இடம் இங்கதான் எங்கயோ..." மெனுவுக்குள் மெனுவாக இறங்கிக்கொண்டே போனான் போட்டோகிராபர். மறுபடி ஹாரன்.

"நீங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள இவன் போய் இறங்கியே இருப்பான்." மனைவி சோபாமேல் ஏறிப் படத்தைக் கழற்றினாள்.

"அவரை எங்கடி தூக்கிட்டுப் போற?"

"உள்ள வச்சிட்டு வரேம்மா. ஒரு நிமிஷம்."

"எதுக்கு? இங்க கொடு."

மாமியார் கண்ணாடியில் படிந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டுப் படத்தை மடியில் நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் இருவரும் அப்பாவின் பக்கம் தானாகச் சாய்ந்தார்கள். நான்கு முகங்களும் நெருங்கி ஒரே வரிசைக்கு வந்தன.

ஒரே ஒரு படம். மனைவி முகம் முகமாகப் பார்த்தாள். அப்பா, அம்மா, தான். வத்தலின் கண்ணோரத்து ஈரம்கூடத் தெளிவாக இருந்தது.

"வந்திருச்சு. கிளம்புடா."

டாக்ஸி தெருமுனை திரும்பிய பிறகு மாமியார் கேமராவைக் கேட்டு வாங்கிப் படத்தைப் பார்த்தார். "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

மனைவி கணவன் காதருகே சொன்னாள்: "இது பழைய கேமராவுலயும் வந்திருக்கும்."

"வந்திருக்கும்" என்று ஒப்புக்கொண்டான். "ஆனா அது உங்கப்பாவைக் கீழே இறக்கச் சொல்லியிருக்காது."