உபயம்: உடையப்பன்

அப்பாவின் முகத்துக்காக உடையப்பன் தலையில் விழுந்த கடன் இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய். வாங்கித் தின்ற கடனல்ல, சுவரில் மாட்டிய கடன்.

அப்பா கண்ணுசாமி பட்டாளத்துக்காரர். உலகப்போர் முடிந்து ஊர் திரும்பி, ரொம்ப வருசம் கழித்துப் பெற்ற உடையப்பன் தொட்டிலில் கிடக்கையிலேயே கண்ணை மூடிவிட்டார். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் மூட்டை தூக்கித் தலை நரைத்த பிறகுதான் அப்பா எப்படி இருப்பார் என்று அவருக்குத் தெரிந்தது. டவுனில் உலகப்போர்க் கண்காட்சிக் கூடம் நடத்தும் ரிட்டயர்டு வாத்தியார் ரொனால்டு அந்தப் படத்தை இன்டர்நெட்டில் பிடித்தார். இத்தாலியில் லாரி ஓரமாகக் குத்தவைத்து டீ குடிக்கிற சிப்பாய். பேரும் ஊரும் கீழேயே போட்டிருந்தது.

கூடத்தில் மாட்டப் பெரிசாகப் பிரிண்ட் எடுத்தார்கள். பிரேமுக்கு உடையப்பன் ஐநூறு ரூபாய் கொடுத்தார். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் மறைய மறையப் பேர் எழுதுகிற ஊர், சும்மா விடுமா? படத்தின் கீழே 'உபயம்: உடையப்பன்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, சால்வையும் போர்த்தி, போட்டோ பிடித்து ஃபேஸ்புக்கிலும் ஏற்றினார்கள்.

அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டுப் படக் கம்பெனி மெயில் அனுப்பியது. படம் எங்களுடையது, கேட்காமல் மாட்டியிருக்கிறீர்கள், பணத்தைக் கட்டுங்கள் என்று. கூடத்துக் கமிட்டி கூடியது. படத்தைக் கழற்றி ஸ்டோர் ரூமில் சுவரைப் பார்க்கச் சாத்திவிட்டு, உடையப்பனுக்கு ஆள் அனுப்பியது.

"உபயம்னு ஒங்க பேருதானண்ணே இருக்கு," என்றார் ரொனால்டு, ரொம்பத் தன்மையாக.

"படத்த நீங்கதான சார் எடுத்தீக?"

"எடுத்தது நான். குடுத்தது நீங்க."

உடையப்பன் மல்லுக்கு நிற்கவில்லை. அறுபது வருசம் கழித்து வந்த மனுசன் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்து நிற்கிறாரே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கட்டினால் திரும்ப மாட்டுவீர்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டு, மண்டி முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்கப் போனார்.

முதலாளி மகள் ரீனா வக்கீல். மெயிலை வாங்கிப் படித்தவள் சிரித்துவிட்டாள்.

"எம்பது வருசத்துக்கு முந்துன படம்ணே. இதுக்கு உரிமை நம்ம நாட்டுல எப்பவோ தீந்துபோச்சு. அஞ்சு காசு கட்டாதீக."

எந்த ஆதாரத்தில் கேட்கிறீர்கள் என்று அவளே கம்பெனிக்கு எழுதினாள். பதில் வந்தது. தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. போர்வீரர்களின் தியாகத்தை மதித்து, நல்லெண்ணத்தின் பேரில் முழுத் தொகையையும் தள்ளுபடி செய்கிறார்களாம். இல்லாத கடனை மன்னித்த பெருந்தன்மைக்குக் கமிட்டி நன்றித் தீர்மானம் போட்டது.

தீர்மானம் முடிகிற வரைக்கும் வாசலில் நின்ற உடையப்பன் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எங்கப்பாரு இப்ப யாருக்குச் சொந்தம் சார்?"

"சட்டப்படி யாருக்கும் இல்லண்ணே. யாரு வேணாலும் மாட்டிக்கலாம்."

"அப்பச் சரி."

ஸ்டோர் ரூமுக்குள் போனவர் படத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தார். ரொனால்டு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ரோட்டைத் தாண்டியிருந்தார்.