புவனேந்திரனின் படைநகர்வு

டோர்ட்மண்ட் தமிழ்ச் சங்கத் தலைவர் புவனேந்திரன் எந்தப் போர்க்களத்தையும் கண்ணால் கண்டவரல்ல. இலங்கையில் சண்டை மூள முதலே விமானமேறி ஜெர்மனிக்கு வந்துவிட்டவர். ஆனால் அந்தச் சண்டை எங்கே பிழையாய்ப் போனது என்பதை அவரிடம் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். பிறந்தநாள் வீடோ செத்தவீடோ, அவர் வந்து உட்கார்ந்தால் மேசையிலிருக்கும் உப்புப் போத்தலும் சோஸ் போத்தலும் படையணிகளாகிவிடும். "என்னைக் கேட்டிருந்தால்..." என்று தொடங்குவார். அவரைக் கேட்காமல் விட்டதே புண்ணியம் என்று லவினியா நினைத்துக்கொள்வாள்.

லவினியா மன்னாரிலிருந்து வந்த பெற்றோருக்கு டோர்ட்மண்டில் பிறந்தவள். மருத்துவமனையொன்றில் பிசியோதெரபிஸ்ட். வேலைக்குப் போகிற ரயிலில் கைக்குள் அடங்கும் கேம் கருவியில் ஒரு படைவிளையாட்டு விளையாடுவாள். அதில் அவசரம் கிடையாது. ஒருவர் தன் படைகளையெல்லாம் நகர்த்தி முடித்த பிறகுதான் மற்றவரின் முறை வரும். வேண்டிய மட்டும் யோசிக்கலாம். எதிரியின் தலைமையகத்தில் தன் கொடியை ஏற்றுபவரே வென்றவர்.

இதை யாரோ புவனேந்திரனின் காதில் போட்டுவிட்டார்கள். சங்கத்தின் கோடை விழாவில் தனக்கும் லவினியாவுக்கும் மேடையில் காட்சிப் போட்டி என்று அவர் அறிவித்துவிட்டார். பிள்ளைகளின் சிந்தனை வளருமாம், நாளைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிக்கு இடம் எடுக்கவும் உதவுமாம்.

"நீ அவரை வெல்ல விடு பிள்ளை. பெரிய மனுசர், சபையில மானம் போகக் கூடாது" என்றாள் தாய் மக்டலீன்.

"ஓம் அம்மா" என்றாள் லவினியா. உண்மையிலேயே தோற்கத்தான் நினைத்திருந்தாள். தோற்றால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

விழா மண்டபத்தில் கருவியைப் பெரிய திரையோடு இணைத்தார்கள். புவனேந்திரன் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக மேடையேறினார். எந்தப் பொத்தான் எதற்கென்று லவினியா சொல்லிக்கொடுக்கத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தி, மேடையோரம் நின்ற இளைஞர்களைப் பார்த்தார்.

"பொத்தானைத் தம்பிமார் அமத்தட்டும். நான் வியூகம் சொல்லுறன்."

வியூகம் என்னவென்றால், இருக்கிற டாங்கிகளையெல்லாம் ஒரே வரிசையில் முன்னே விடுவது. ஊர்வலம் போல அழகாகத்தான் இருந்தது. பின்னாலிருந்த தலைமையகத்தைக் காக்க ஒருவரும் இல்லை. லவினியா பல்லைக் கடித்துக்கொண்டு, தெரியாதவள் போலத் தன் பீரங்கியொன்றை அவருக்குப் பலிகொடுத்தாள். மண்டபம் கைதட்டியது. புவனேந்திரன் மைக்கை எடுத்தார்.

"பாத்தீங்களோ? இப்ப ஆற்றங்கரையில அவளின்ர பீரங்கி ரெண்டு நிக்குது. அதுக்கு முன்னால என்ர காலாட்படையை விடுறன். அதுகள் அடி வாங்க, டாங்கி பின்னால போகும். பெடியள்தானே, போனால் போகட்டும். திரும்பச் செய்யலாம்."

சிலர் சிரித்தார்கள். இரண்டாம் வரிசையில் இருந்த குமுதினி எழுந்தாள். அவளுடைய தம்பிமார் இருவரும் மீசை அரும்பாத வயதில், ஊர் 'பெடியள்' என்று அழைத்த போராளிகளாய்ச் சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்கள். மண்டபத்தில் எல்லோருக்கும் இது தெரியும். புவனேந்திரனுக்கும் தெரியும். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். "அவ ஏன் போறா? இனித்தானே சண்டை சூடு பிடிக்கப்போகுது" என்றார் அவர் மைக்கிலேயே.

லவினியா தாயைப் பார்த்தாள். மக்டலீன் தலையைக் குனிந்துகொண்டாள். இனித் தோற்க வேண்டியதில்லை என்று லவினியாவுக்குத் தோன்றியது.

காட்டோரமாக ஒரே ஒரு சிப்பாயை அவள் நகர்த்தினாள். புவனேந்திரன் அதைக் கவனிக்கவில்லை; ஆற்றங்கரையில் தன் பெடியளைச் சாகக் கொடுப்பதில் மும்முரமாக இருந்தார். மற்றப் படைகளால் அவருடைய டாங்கிகளை அவள் பாலத்தில் மறித்துவைத்தாள். அடுத்தடுத்த முறைகளில் அந்தச் சிப்பாய் ஆளில்லாத தலைமையகத்துக்குள் நுழைந்து கொடியை மாற்றினான். ஆட்டம் முடிந்துவிட்டது.

"இது பிழை" என்றார் புவனேந்திரன். "என்ர டாங்கியள் முழுசாய் நிக்குது. எப்பிடி நான் தோற்க ஏலும்?"

"வீட்டைத் திறந்து போட்டிட்டுப் போனீங்கள் அங்கிள்."

"அப்ப திருப்பி எடு. கடைசி நகர்வைத் திருப்பி எடு."

"செத்தாக்களைத் திருப்பி எடுக்கேலாது அங்கிள்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது.

அவர் சபைப் பக்கம் திரும்பி, இளைய தலைமுறைக்கு ஊக்கம் கொடுக்கவே தான் தந்திரமாகப் பின்வாங்கியதாக விளக்கினார். கைதட்டல் முன்னையதைவிடப் பெரிதாக இருந்தது. செயலாளர் சூசைதாசன் ஓடிவந்து தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். வென்றவளுக்கு ஒரு சான்றிதழ் நீட்டப்பட்டது.

"அவருக்கே குடுங்கோ. பின்வாங்கினதுக்கு" என்று சொல்லிவிட்டு லவினியா கருவியைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள்.

வெளியே ட்ராம் தரிப்பிடத்தில் குமுதினி நின்றாள்.

"முடிஞ்சுதோ பிள்ளை? ஆர் வெண்டது?"

"நான்தான் அன்ரி. ஆனால் பொன்னாடை அவருக்கு."

குமுதினி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "உந்தாள் நாளைக்கும் உந்தக் கதையைத்தான் சொல்லுவார், என்ன?"

"ஓம், சொல்லுவார்."

ட்ராம் வந்தது. இருவரும் ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு தரிப்பிடம் தாண்டிய பிறகு, குமுதினி தன் தம்பிமாரின் பெயர்களைச் சொன்னாள்.