மெல்லிய கேஸ்கட்

பட்டறை மேசைமேல் இரண்டு ஹெட் கேஸ்கட்டுகள் கிடந்தன; என்ஜின் உடலுக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கிற தகடுகள். ஒன்று மெல்லிசு, மற்றது சற்றுத் தடிப்பு. மறுநாள் கார் பந்தயம். என்ஜினைக் கட்டுகிறவள் அண்ணி. காரை ஓட்டப்போகிறவள் அவளுடைய நாத்தனார். போன பந்தயத்தில் மயிரிழையில் முதலிடத்தைக் கோட்டை விட்டதிலிருந்து நாத்தனார் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“மெல்லிசானதையே போடுங்க அண்ணி. கம்ப்ரஷன் ஏறும், இழுவை கூடும். நேர் ரோட்டுல ஒருத்தனும் என்னைத் தொட முடியாது.”

அண்ணிக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. ஆனால் கேஸ்கட் மெலிந்தால் ஹெட் கீழே இறங்கும். கூடவே வால்வும் பிஸ்டனை நெருங்கும். பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, மெல்லிசான கேஸ்கட்டை வைத்து ஹெட்டை முறுக்கி, என்ஜினைக் கையால் சுற்றினாள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வால்வு பதிந்த இடத்தைப் பிளேடால் அறுத்துப் பார்த்தாள். குழியின் அடியில் மிஞ்சியிருந்த மண் காகிதக் கனம்கூட இல்லை.

“இடிக்கலையே!” என்றாள் நாத்தனார்.

“கையால சுத்தினா இடிக்காது. நீ மிதிக்கிற மிதியில வால்வு மூடக் கொஞ்சம் பிந்தினாலும் பிஸ்டன் வந்து முட்டும். என்ஜின் தூள் தூளாயிடும்.”

“என்ஜினுக்குப் பயப்படுறீங்களா, எனக்காகவா?”

அண்ணிக்குச் சுருக்கென்றது. எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. தன் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே புது மண் வைத்து மறுபடி சுற்றிப் பார்த்தாள். அதே காகிதக் கனம்தான். தடிப்பானதை எடுத்துப் பொருத்தினாள்.

“அப்ப நாளைக்கும் நான் மூக்கறுபடணும்,” என்று கையுறையை வீசிவிட்டுப் போனாள் நாத்தனார்.

பந்தயத்தில் நேர் ரோட்டில் கார் இழுக்கவில்லைதான். இரண்டு பேர் விறுவிறுவென்று தாண்டிப்போனார்கள். வேலியோரம் நின்ற அண்ணிக்கு ஒவ்வொரு சுற்றும் முள்மேல் நிற்பதுபோல இருந்தது. கடைசிச் சுற்றின் வளைவில் திடீரென்று என்ஜின் வீறிட்டது. அப்படி ஒரு அலறலை அவள் கேட்டதே இல்லை. புகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கார் தள்ளாடி, நிமிர்ந்து, மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டியது.

நாத்தனார் இறங்கியபோது முகத்தில் ரத்தம் சுண்டியிருந்தது. “அவசரத்துல கியரைத் தப்பா கீழே போட்டுட்டேன் அண்ணி. மீட்டர் முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போயிடுச்சு.”

பட்டறைக்கு வந்ததும் இருவருமாக ஹெட்டைக் கழற்றினார்கள். ஒரு பிஸ்டனின் தலையில் பிறை வடிவில் சின்னதாய் ஒரு பளபளப்பு. வால்வு உரசிய தடம். தடிப்புக் கேஸ்கட்டிலேயே இந்த லட்சணம் என்றால், மெல்லிசில்?

நாத்தனார் அதை விரலால் தடவினாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

“அண்ணன்கிட்ட சொல்லாதீங்க.”

“நான் எங்க சொல்ல?” என்றாள் அண்ணி. “உன்னை ஓட்ட விட்டதுக்கு எனக்கும் சேர்த்துல்ல திட்டு விழும்.”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.