வீங்கின உதடு

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வேல்முருகனின் மேலுதடு இரண்டு மடங்காகத் தடித்திருந்தது. நாக்கால் உள்பக்கம் தடவிப் பார்த்தான். முன்பற்கள் பதிந்த இடம் வரிவரியாகப் புண்ணாகி உப்புக் கரித்தது. முதுகுவலி அவனுக்குப் பழக்கம். குச்சிக்கிழங்கு மூட்டையை லாரியில் ஏற்றுகிறவனுக்கு முதுகு வலிக்காவிட்டால்தான் ஆச்சரியம். உதடு வலிப்பது புதிது. இருபத்திரண்டு வருடமாக டிரம்பெட் ஊதுகிறான். கல்யாணம், கோயில், சாவு என்று ஒரே நாளில் ஆறு மணி நேரம் ஊதியிருக்கிறான். உதடு இப்படி ஆனதில்லை.

வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே ஒரு லாட்ஜின் கூடத்தில் படுத்திருந்தார்கள். சேலம், நாமக்கல், திருச்சிப் பக்கத்துப் பேண்டு செட்டுக்காரர்கள் இருபத்துநாலு பேர். ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறை பித்தளை வாத்தியம் ஊதுகிறவர்களுக்கு மட்டும் சனி, ஞாயிறு இரண்டு நாள் பயிற்சி வைத்திருந்தது. மலையில் வைத்தால் ஆட்கள் ஆசையாக வருவார்கள் என்று நினைத்திருப்பார்கள். வேல்முருகனுக்கு அது சொந்த மலை. மலையின் இன்னொரு பக்கத்தில், தன் ஊர் இருக்கிற குண்டூர் நாட்டிலிருந்து மொபெட்டில் வந்தான்.

அவன் வந்தது சான்றிதழுக்காக. மலையில் உள்ள ஒரு விடுதிப் பள்ளியில் பேண்டு சொல்லிக் கொடுக்க ஆள் தேடினார்கள். "நீ நல்லா ஊதுவேன்னு எனக்குத் தெரியும். பைலுக்குத் தெரியாதே. காயிதம் ஒண்ணு கொண்டா" என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், இனி மூட்டை தூக்கினால் ஒருநாள் எழுந்திருக்க மாட்டாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காகிதம் கிடைத்தால் மாதச் சம்பளம். கிடைக்காவிட்டால் திரும்ப மூட்டை. அவ்வளவுதான் கணக்கு.

சனிக்கிழமை காலை நவநீதகிருஷ்ணன் என்ற விரிவுரையாளர் ஒவ்வொருவரையும் தனியாக ஊதச் சொல்லிக் கேட்டார். வேல்முருகன் ஊதியதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"சத்தம் பிரமாதம். ஆனா மவுத்பீஸ இவ்வளவு அமுத்தறீங்களே. நீங்க பல்லால ஊதறீங்க வேல்முருகன் சார். உதட்டால ஊதுங்க."

தானே கையை நீட்டி மவுத்பீஸை அரை விரல் மேலே நகர்த்தி வைத்தார். இதுவரை வேல்முருகனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அதற்காகவே அன்று முழுக்க அவர் காட்டிய இடத்திலேயே வைத்து ஊதினான்.

"இருபது நிமிஷம் ஊதினா இருபது நிமிஷம் சும்மா இருக்கணும். உதடும் சதைதான். புது இடத்துல வெச்சு ஊதும்போது ரொம்ப முக்கியம்" என்றார் அவர்.

திருச்சிக்காரர் சவரிமுத்து எழுந்தார். டிரம்போன் ஊதுகிறவர். "சார், சாவு வீட்டுல இருபது நிமிஷம் சும்மா இருந்தா, பொணத்துக்குப் பக்கத்துலயே நம்மளையும் படுக்க வெச்சுருவாங்க."

கூடம் சிரித்தது. நவநீதகிருஷ்ணனும் சிரித்தார். சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஓய்வு என்று விட்ட நேரத்திலெல்லாம் ஏரிக்கரைக்கு இறங்கினார்கள். யார் ஒரே மூச்சை அதிக நேரம் இழுப்பது என்று பந்தயம். படகில் போன சுற்றுலாக்காரர்கள் கைதட்டினார்கள். கைதட்டக் கைதட்ட இன்னும் ஊதினார்கள். கூலிக்கு ஊதுகிறவனுக்கு ஓய்வு என்றால் சோம்பல். வாயை எடுத்தால் கூலியைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் எல்லோருடைய ரத்தத்திலும் இருந்தது. பந்தயத்தில் வேல்முருகன் ஜெயித்தான். மாலையில் கடைசி நிகழ்ச்சிக்கான பாட்டில் எட்டு வரி தனியாக ஊதுகிற பகுதியை நவநீதகிருஷ்ணன் அவனுக்குக் கொடுத்தார்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் போன் வந்தது. லாட்ஜின் கேட்டுக்குப் பக்கத்தில்தான் சிக்னல் சரியாகக் கிடைக்கும். அங்கே போய் நின்றான். கூப்பிட்டது அவனுடைய செட்டில் டிரம் அடிக்கிற சென்றாயன்.

"வேலண்ணா, பாவாயி அக்கா போயிருச்சுண்ணா. வெடியால நாலு மணிக்கு."

பாவாயி, செட்டில் அவனோடு ஊதுகிற செல்லமுத்துவின் மனைவி.

"செல்லமுத்து மாமா தலமாட்டுலயே உக்காந்திருக்காரு. மூணு மணிக்கு எடுக்கறாங்க. கீழ இருந்து சனம் வரோணும்ல. நீ எப்ப வார?"

"பதினோரு மணிக்கு இங்க கடைசி நிகழ்ச்சி. முடிச்சுட்டு ஒரு மணிக்கெல்லாம் வந்துருவேன்னு மாமாகிட்டச் சொல்லு."

"இப்பவே வந்துருண்ணா. நீ இல்லீன்னா ஊதறதுக்கு யாரு இருக்கா?"

"வாரேன்னு சொல்றேன்ல."

செட்டில் நான்கு பேர். சென்றாயனும் இன்னொருவனும் கொட்டு. ஊதுகிறவர்கள் வேல்முருகனும் செல்லமுத்துவும். செட்டில் ஒருவர் வீட்டில் சாவு என்றால் மற்றவர்கள் காசு வாங்காமல் வாசிக்க வேண்டும். சாவு வீட்டுக்காரன் அன்றைக்கு வாத்தியத்தைத் தொடக்கூடாது. வாங்கின வாசிப்பை வாசிப்பாகத்தான் திருப்ப வேண்டும். பணமாக நீட்டினால் அதைவிடக் கேவலம் இல்லை. இது எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் இதை மீறியவனோடு யாரும் வாசிக்கப் போக மாட்டார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் வேல்முருகனின் அண்ணன் அர்த்தனாரி மிளகு பறிக்க, கொடி படர்ந்த மலைச்சவுக்கு மரத்தில் ஏறியபோது மூங்கில் ஏணி சறுக்கி விழுந்து செத்தான். அன்று வேல்முருகன் தொடக்கூடாது. செல்லமுத்து ஒற்றை ஆளாகக் காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் நாலு வரை ஊதினான். டீ கொடுத்தார்கள், வாங்கவில்லை. உதடு வெடித்து மவுத்பீஸில் ரத்தம் கசிந்தது. கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினான். குழியில் மண் விழுகிறவரை நிறுத்தவில்லை.

பாவாயிக்கு ஒரு மாதமாகவே முடியவில்லை. போன வாரம் பார்க்கப் போனபோது கட்டிலில் இருந்தபடியே சொன்னாள். "என்ர ஊட்டுக்காரரு ஊத முடியாது. நீதான் ஊதோணும் வேலு. பாதியில டீ குடிக்கப் போயிராத சாமி."

"பேசாம படு அக்கா" என்று அதட்டிவிட்டு வந்தான்.

அவன் கூடத்துக்குத் திரும்பி நவநீதகிருஷ்ணனிடம் சொன்னான். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"நீங்க தாராளமா போங்க. ஆனா சான்றிதழ்ல கையெழுத்துப் போடறவர் நிகழ்ச்சிக்கு வர்றார். நிகழ்ச்சியில இருக்கறவங்களுக்குத்தான் தருவாங்க. அது என் கையில இல்லீங்க."

"அடுத்து எப்பங்க வெப்பீங்க?"

"இதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு."

வேல்முருகன் யோசித்தான். பதினோரு மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். முக்கால் மணி நேரப் பாதை. இரண்டு மணி நேரம் ஊதலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்குக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்த எட்டு வரியை ஊதிக் காட்ட வேண்டும் என்ற ஆசை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி வரவில்லை. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் கிழங்கு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டதாம். அவருடைய கார் அதற்குப் பின்னால். வேல்முருகனே எத்தனையோ முறை மூட்டை ஏற்றி அனுப்பின லாரியாகக்கூட இருக்கலாம். "இதோ வந்துருவாங்க" என்றார்கள். சும்மா உட்கார வேண்டாம் என்று நவநீதகிருஷ்ணன் பாட்டை முழுதாக மூன்று தடவை ஊதிப் பார்க்க வைத்தார். மூன்றாவது தடவை எட்டு வரியின் கடைசி மேல் ஸ்தாயிச் சுரத்தில் வேல்முருகனுக்கு உதடு மரத்தது.

"உங்களுக்கு வலிக்குதா?" என்று கேட்டார் அவர்.

"இல்லீங்க."

வலிக்கிறது என்றால் எட்டு வரியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

பன்னிரண்டு ஆனது. கேட்டுக்குப் போனான். சென்றாயனின் அழைப்பு நான்கு தவறியிருந்தது. திருப்பிக் கூப்பிட்டு, "கெளம்பிட்டே இருக்கறேன்" என்றான். பன்னிரண்டரைக்கும் அதையே சொன்னான். ஒவ்வொரு அரைமணியும், இத்தனை நேரம் இருந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம்தானே என்று அவனைப் பிடித்து வைத்தது.

சவரிமுத்து பக்கத்தில் வந்து நின்றார். "போய்யா. நானா இருந்தா போயிருப்பேன்."

"உங்களுக்குச் சர்ச்சுல சம்பளம் இருக்குதுங்க."

சவரிமுத்து டிரம்போனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனார்.

அதிகாரி ஒன்றரைக்கு வந்தார். சால்வை, பூங்கொத்து, பேச்சு. இரண்டு மணிக்கு ஊதினார்கள். எட்டு வரி வந்தது. வேல்முருகன் முன்னால் ஓரடி வந்து நின்று, புது இடம் பழைய இடம் எல்லாவற்றையும் மறந்து, மவுத்பீஸைப் பல்லோடு அழுத்தி ஊதினான். கடைசிச் சுரம் உடையாமல் நின்றது. அதிகாரி தலையாட்டினார். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். சான்றிதழ் வாங்கும்போது அவன் சிரித்தான். சிரித்ததும் உதடு கிழிந்தது.

மொபெட் மேட்டில் திணறியது. மூன்றே கால் ஆகிவிட்டது போய்ச் சேர. ஊருக்கு முன்னாலேயே கொட்டுச் சத்தம் கேட்டது. கொட்டு மட்டும். நடுவில் ஊதல் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கேட்டது.

பாடையை வாசலில் வைத்திருந்தார்கள். தூக்குகிறவர்கள் தோளில் துண்டோடு நின்றார்கள். சென்றாயன் அவனைப் பார்த்ததும் கொட்டை நிறுத்தினான்.

"உனக்காகத்தான் வெச்சிருக்குது. ஊதுண்ணா."

வேல்முருகன் செருப்பைக் கழற்றிவிட்டு டிரம்பெட்டை எடுத்தான். செல்லமுத்து பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான்.

வேல்முருகன் ஊதினான். காற்று போனது. சத்தம் வரவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினான். புஸ் என்று காற்று. உதடு ஒரு ரப்பர் துண்டைப்போல மவுத்பீஸுக்குள் கிடந்தது. அது அதிர வேண்டும், அதிர்ந்தால்தான் சத்தம். நவநீதகிருஷ்ணன் வைத்த இடத்தில் வைத்துப் பார்த்தான். இருபத்திரண்டு வருடம் வைத்த இடத்தில் வைத்துப் பார்த்தான். அழுத்தினான். ரத்தம் வந்தது. ஒரு கீச்சு வந்தது. கூட்டத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பாவாயியின் தம்பி செல்போனை நீட்டினான். "ஏனுங்க, இதுல நல்லாத்தான ஊதறீங்க? ரெண்டு மணிக்கு ஏரியில ஊதுனது இங்க வந்துருச்சு. சிரிச்சுட்டு நிக்கறீங்க. அங்கயே எல்லாத்தையும் ஊதித் தீத்துட்டீங்களா? எங்க அக்காளுக்கு மிச்சம் இல்லையா?"

வேல்முருகன் செல்போனில் தன் சிரிப்பைப் பார்த்தான். தம்பி சொன்னதில் பொய் இல்லை.

"உடுங்க. வேற ஆளக் கூப்புடலாம்" என்றது ஒரு குரல்.

"கீழ இருந்து ஆள் வர ராத்திரி ஆயிரும்" என்றது இன்னொரு குரல்.

செல்லமுத்து எழுந்தான். வீட்டுச் சுவரில் அவனுடைய டிரம்பெட் தொங்கியது. எல்லோரும் அவன் அதைப் பார்ப்பதைப் பார்த்தார்கள். ஆனால் அவன் கை நீட்டவில்லை.

"உடு மாப்ள" என்றான். "நேரமாச்சு. கொட்டு போதும். தூக்குங்க."

தூக்கினார்கள். மரவள்ளிக் காட்டு வரப்பில் கொட்டு முன்னால் போனது. வேல்முருகன் ஊதாத டிரம்பெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். இரண்டு இடத்தில் நின்று ஊதிப் பார்த்தான். காற்று. மூன்றாவது இடத்தில் ஊதிப் பார்க்கவில்லை. குழியில் மண் விழுந்தபோது மண்வெட்டிச் சத்தமும் சென்றாயனின் கொட்டும்தான் இருந்தன.

எல்லோரும் ஓடையில் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். செல்லமுத்து ஈரத் துண்டோடு ஒரு கல்லில் உட்கார்ந்தான். வேல்முருகன் தள்ளி நின்றான்.

"காயிதம் கெடச்சுதா?" என்று கேட்டான் செல்லமுத்து.

"கெடச்சுது மாமா."

"வேலைக்குச் சேந்துக்க. இனி மூட்டை தூக்காத."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாமா, பதினாறாம் நாளுக்கு நான் ஊதிர்றேன். நாள் முழுக்க ஊதறேன்."

"பதினாறாம் நாளுக்கு ஊதறது வேற." செல்லமுத்து துண்டைப் பிழிந்தான். "பொணம் எடுக்கறப்ப ஊதறது வேற. உனக்குத் தெரியாதா?"

தெரியும். பொணம் எடுக்கையில் வாங்கின வாசிப்பைப் பொணம் எடுக்கையில்தான் திருப்ப முடியும். அந்த வீட்டில் இனி இருப்பது செல்லமுத்துவும் நர்சிங் படிக்கிற அவன் மகள் சங்கீதாவும். இரண்டு பேரில் ஒருவர் செத்தால்தான் அதற்கு வழி. அப்படி ஒரு நாள் வரக்கூடாது என்றும் அவனால் முழுசாக நினைக்க முடியவில்லை, வரட்டும் என்றும் நினைக்க முடியவில்லை.

மொபெட் பெட்டியில் சான்றிதழ் மடங்காமல் இருந்தது. மவுத்பீஸைக் கழற்றி ஓடைத் தண்ணீரில் ரத்தத்தைக் கழுவினான்.

வெள்ளிக்கிழமை உதட்டு வீக்கம் வடிந்துவிட்டது. திங்கட்கிழமை பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தான். செல்லமுத்து வீட்டுக்கு வேல்முருகன் தர வேண்டியது ஒரு சாவு வாசிப்பு. காலை ஏழிலிருந்து சாயங்காலம் நாலு வரை. இன்னும் பாக்கி.