தூங்கி எழுந்த கண்

குன்னூரில் அந்தப் பழைய துரை பங்களாவின் வாசலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்ததுமே கீர்த்தனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘உங்கள் கண், எங்கள் அக்கறை’ என்று எழுதி, பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு விமானியின் படம். வேனிலிருந்து இறங்கிய விமானிகளில் ஒருவர்கூட அப்படிச் சிரிக்கவில்லை. ராத்திரி முழுக்க விமானம் ஓட்டிவிட்டு, விடிந்ததும் கோயமுத்தூரிலிருந்து வளைவு வளைவாக மலையேறி வந்தவர்கள் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள்.

பக்கத்துக் குந்தா ஊர்க்காரியான கீர்த்தனா, விமானக் கம்பெனி வேலையாக, கண்ணைக் கவனிக்கும் கேமராவோடு வந்திருந்தாள். விமானத்தில் விமானி எதிரே அதைப் பொருத்திவிட்டால் இமை எவ்வளவு நேரம் மூடிக் கிடக்கிறது, பார்வை எவ்வளவு மந்தமாக நகர்கிறது என்று விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்; அசந்தால் அலறும். ஆனால் முதலில் ஒரு வேலை உண்டு. அவர் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு அவருடைய கண்ணின் அளவை எடுத்து கேமராவுக்குக் கொடுக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் அது களைப்பைக் கண்டுபிடிக்கும்.

விமானக் கம்பெனியின் மேனேஜர் அருண்பிரசாத்துக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. புரிந்ததுதான் வினை.

“வந்த கையோட எல்லாருக்கும் எடுத்துடுங்க” என்றான், விரலில் ஒட்டிய கேக் க்ரீமை நக்கிக்கொண்டே.

“ஏனுங்க சார், ராத்திரி பூரா தூங்காம வந்திருக்கறாங்க. இப்ப எடுத்தா இந்தச் சோர்ந்த கண்ணையே நல்ல கண்ணுன்னு மிஷின் நெனச்சுக்கும். அப்பறம் எத்தன அசந்தாலும் கத்தாதுங்க.”

“கத்த வேணாம்னுதானே சொல்றேன். கத்தினா ஆளை மாத்தணும். ஆளுக்கு நான் எங்க போறது?”

இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்குக் கூசவே கூசாதா?

முதலில் வந்து உட்கார்ந்தவர் கேப்டன் ஆண்ட்ரூ. உள்ளூர்க்காரர். “சார், எங்க ஊடு இங்க பெட்போர்டுலதானுங்க. போயி ஒரு தூக்கம் போட்டுட்டு வந்தர்றனே. சாயந்தரம் வேற ப்ளைட் இருக்குதுங்க” என்றார்.

“இந்த கேம்ப்பையே உங்களுக்கு ரெஸ்ட்னுதானே கணக்குல போட்டிருக்கோம்” என்று அருண்பிரசாத் அவர் கையில் சொட்டு மருந்தைத் திணித்தான். “விட்டுக்கங்க. சிவப்பு தெரியாது.”

கேமரா ஓடியது. திரையில் ஆண்ட்ரூவின் இமை இறங்கியது, எழும்பவே இல்லை. அருண்பிரசாத் அவர் கன்னத்தில் லேசாகத் தட்டினான். மாட்டைத் தட்டி எழுப்புவதுபோல. கீர்த்தனா அந்த அளவையே பதிந்துகொண்டாள். அவன் மேல் வந்த அருவருப்பில் பாதி, வாயை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கிய தன் மேலேயே வந்தது.

மத்தியானம், கீழே இறங்க வேறொரு வேன் வந்து நின்றது. டிரைவர் சுடலைமணி ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தார். அருண்பிரசாத் ஏறக் காலை வைத்தவன், குனிந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

“கண்ணைப் பாருங்க, கோவைப்பழமாட்டம்! ஏம்ப்பா, எப்ப தூங்கின?”

“முந்தாநேத்துங்க சார். ராத்திரி கூடலூர் டிரிப்புங்க.”

“வேற டிரைவரைக் கூப்பிடுங்க! எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு. இந்த வளைவுல இவனை நம்பி உயிரை விடச் சொல்றீங்களா?”

கீர்த்தனா கேட்டாள்: “எந்தக் கேமராவுல பாத்தீங்க சார்?”

“இதுக்கு எதுக்கு கேமரா? பாத்தாலே தெரியுதே.”

“சாயந்தரம் எங்கீங்க போறீங்க?”

“பாம்பே.”

“அது நான் ஓட்டற ப்ளைட்டுங்க சார்” என்றார், பெட்டியோடு பின்னால் நின்றிருந்த ஆண்ட்ரூ. சொல்லிவிட்டுக் கண்ணைக் கசக்கினார்.

டிரைவரைப் பார்த்த மாதிரியே அருண்பிரசாத் அவரையும் குனிந்து பார்த்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடிக்குப் போனான். மெதுவாகப் பேசுவதாக நினைப்பு.

“என் டிக்கெட்டை நாளைக்கு மாத்திடு… சே சே, ப்ளைட் கேன்சல் இல்ல. என் டிக்கெட் மட்டும்.”

சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. கீர்த்தனா உள்ளே போனாள். காலையிலிருந்து எடுத்த அளவுகள் அத்தனையையும் அழித்தாள். திரும்பி வந்து, அவன் காதிலும் படும்படி சொன்னாள்: “கேப்டன், உங்க அளவு எங்கிட்ட இல்லீங்க. தூங்கி எந்திரிச்சு வாங்க, எடுக்கறேன்.”

ஆண்ட்ரூ பெட்டியைக் கீழே வைத்தார். ஆபீசுக்குப் போன் போட்டு, களைப்பாக இருக்கிறது, ஓட்ட மாட்டேன் என்று சொன்னார். பெட்டியை உருட்டிக்கொண்டு பெட்போர்டு பக்கம் நடந்துவிட்டார்.

“உன் வேலை போச்சு!” என்று அருண்பிரசாத் கீர்த்தனாவிடம் கத்தினான். “போவட்டுங்க” என்றாள். அவனோடு ஒரே கூரைக்கு அடியில் நின்றதற்கே குளிக்க வேண்டும் போலிருந்தது.

அவன் மறுபடி போனை எடுத்தான்.

“ஆண்ட்ரூ போகல. இன்னிக்கு வேற யாரைப் போடுவீங்க?… சரி. இரு, இரு, என் டிக்கெட்டை மறுபடி இன்னிக்கே மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுச் சொல்லு. அவர் எப்ப தூங்கினாராம்?”