சூப்பர்வைசர் நாற்காலி

முகூர்த்த சீசன். தி.நகர் துணிக்கடையின் மூன்றாவது மாடியில் பட்டுப்புடவைகள் மலையாய்க் குவிந்து கிடந்தன. சலோமி ஒவ்வொன்றாக எடுத்து, ஜரிகை நலுங்காமல் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கடை திறந்ததிலிருந்து நின்றபடிதான். விற்பனைப் பெண்கள் உட்காரக்கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தவர்கள் நிலைத்ததுமில்லை.

அன்றுதான் மேனேஜர் தனபாலன் அவளைக் கூப்பிட்டு, இனி அந்த மாடிக்கு அவளே சூப்பர்வைசர் என்றார். பில் கவுண்டர் ஓரம் ஒரு நாற்காலி, எதிரே கேமரா படம் ஓடும் டிவி. சலோமி இதற்காக வெகுகாலம் ஜெபித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகுமுன், சைதாப்பேட்டைச் சபையின் அதிகாலை ஆராதனையில் எழுந்து, கர்த்தர் தன் கால்களைக் கண்ணோக்கிப் பார்த்தார் என்று சாட்சி சொன்னாள். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்த வேலை இன்னதென்று தெரிந்தது. யார் உட்காருகிறார்கள் என்று டிவியில் பார்த்து மேனேஜரிடம் சொல்ல வேண்டும். முதல் தடவை அரைநாள் சம்பளம் பிடிப்பார்கள். அடுத்த தடவை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதலில் கண்ணில் பட்டவள் முத்துலட்சுமி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து கடை ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். புடவைக் கட்டுகளுக்குப் பின்னால் குந்திக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலில் நரம்புகள் புடைத்து முறுக்கிக் கிடந்தன. புண்ணிலிருந்து கசிந்த நீரில் சாக்ஸ் ஒட்டியிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டவள். போன கிறிஸ்துமஸுக்கு சலோமி காய்ச்சல் என்று லீவு போட்டபோது, அவள் சர்ச்சுக்குத்தான் போனாள் என்று போட்டுக்கொடுத்ததும் இவளே. இப்போது இவள் தன் கையில் சிக்கிவிட்டாள் என்ற நினைப்பு சலோமிக்குக் கொஞ்ச நேரம் இனித்தது. அப்படி இனித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் தனபாலன் வந்து, ஒருத்திகூடவா உட்காரவில்லை என்று கேட்டார். நாளைக்குப் பெயர் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ரயில் நெரிசலில் கம்பியைப் பிடித்தபடி சலோமி கண்ணை மூடினாள். ஆண்டவரே, இன்னாத்துக்கு என்னை அங்க உக்கார வச்சே? மாம்பலத்தில் இறங்கும்போது மனம் தெளிந்திருந்தது.

கூட்டம் நெரிந்த பகல் வேளையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, வாடிக்கையாளர்களை விலக்கி முத்துலட்சுமியிடம் போனாள்.

"உக்காரு."

"வேண்டாம்க்கா. பாத்தா அனுப்பிருவாக."

"பாக்கட்டும். நீ காலை நீட்டு."

முத்துலட்சுமி தயங்கினாள். "கிறிஸ்துமஸப்ப நான்தான்க்கா..."

"தெரியும். உக்காரு."

தனபாலன் விரைந்து வந்தார். ஜனங்கள் பார்ப்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒங்க சாமி குடுத்த பதவின்னு கடை பூரா நீதானம்மா சொன்ன? நீயே கெடுத்துக்கிடலாமா?"

"சாமி குடுத்ததுதான் சார். இவள அனுப்பிட்டு அதுல குந்திகினு இருக்கறதுக்குக் குடுக்கல. உக்கார இடம் தரணும்னு சட்டமே கீது. இவள அனுப்புனா நான் நேரா லேபர் ஆபீஸ்தான் போவேன்."

புடவை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தனபாலன் முத்துலட்சுமியை அனுப்பவில்லை. பதவி மட்டும் அன்று மாலையே வேறொருத்திக்குப் போனது. அந்தப் புது சூப்பர்வைசருக்கு ஒரு ஸ்டூல் தந்தார்கள். சலோமி பழையபடி புடவைக் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றாள்.

அந்த ஞாயிறு சபையில் போதகரின் மனைவி அவள் கையைப் பிடித்து, பதவி வந்தது போலவே போனதும் கர்த்தருடைய சித்தம்தான் என்று தேற்றினார்.

"எழுந்து குடுத்ததுதாம்மா அவரு சித்தம்," என்றாள் சலோமி. "புடுங்குனது மேனேஜரு."

அங்கிருந்து நேரே வேலைக்குப் போனாள். மூன்றாவது மாடியின் நடுவில் விளக்கு வெளிச்சத்தில் அந்த நாற்காலி போடப்பட்டிருந்தது. அதில் அரக்குப் பட்டு உடுத்தி, நகையும் மல்லிகைச் சரமும் சூட்டி, ஒரு மணப்பெண் பொம்மையை உட்கார வைத்திருந்தார்கள்.

மதியத்துக்குள் முத்துலட்சுமியால் நிற்க முடியவில்லை. சலோமி இருப்பதிலேயே பெரிய கரை வைத்த புடவையை உருவி, கேமராவுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்று, இரண்டு கைகளையும் அகல நீட்டி விரித்துப் பிடித்தாள். அதன் மறைவில் முத்துலட்சுமி மெல்லத் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். ஒரு வாடிக்கையாளர் அம்மாள் வந்து, இதே கரையில் வேறு கலர் உண்டா என்று கேட்டார். சலோமி கையை இறக்காமல், இருக்கிறது, இதை முதலில் நன்றாகப் பாருங்கள் என்றாள். எதிரே பொம்மை சாய்ந்து உட்கார்ந்திருந்தது.